பி.ஏ.வா, தொழிற்படிப்பா? மீதி அரைநாளின் கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் திண்டுக்கல் மாவட்டத்துத் தாடிக்கொம்பு, அகரம், வேடசந்தூர் வட்டாரத்து வீடுகளில் ஒரே பேச்சுதான் ஓடும். வரலாறு, தமிழ், ஆங்கிலம், பொருளியல் என்று ஏதாவது ஒரு பி.ஏ.வில் சேர்த்துவிடலாமா? இல்லை, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், நர்சிங், இன்ஜினீயரிங் என்று கையில் தொழில் தரும் படிப்புக்குப் போகலாமா? மாமா ஒன்று சொல்வார், டியூஷன் வாத்தியார் வேறொன்று சொல்வார். கலைப் பட்டம் சோறு போடாது என்பதும், தொழிற்படிப்பு கண்டிப்பாகச் சோறு போடும் என்பதும் பாதிபாதி உண்மைகள். பி.ஏ. ஒரு மாணவருக்கு எவ்வளவு பயன்படும் என்பது, அந்தப் படிப்பு மிச்சம் விட்டுவைக்கும் நேரத்தை அவர் எப்படிச் செலவிடுகிறார் என்பதைப் பொறுத்தது. அந்த நேரத்தில் என்ன செய்யப்போகிறோம் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு பி.ஏ. நல்ல தேர்வு. சொல்லத் தெரியாதவர் தொழிற்படிப்புக்குப் போவதே நல்லது. இந்த முடிவுக்கு எப்படி வருகிறேன் என்பதைத்தான் இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

முதலில் பட்டத்தின் நிலைமையைப் பார்ப்போம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-ல் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம்தான். இதைப் படித்துவிட்டுப் படிப்பே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். படிக்காதவர் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார், சும்மா இருக்க அவருக்கு வழியில்லை. பட்டதாரி தன் படிப்புக்கு ஏற்ற வேலை வரட்டும் என்று காத்திருக்கிறார். அவர் வீடும் சில ஆண்டுகள் அவரைத் தாங்குகிறது. அந்தக் காத்திருப்பு ஏன் இவ்வளவு நீள்கிறது என்பதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரியோ 28.4. இந்தியா முழுவதும் இளநிலைப் பட்டம் படிப்பவர்களில் மூன்றில் ஒருவர் பி.ஏ. மாணவர். ஒரு தெருவில் ஒருவர் மட்டும் பட்டதாரியாக இருந்த காலத்தில் பட்டமே அடையாளமாக இருந்தது. ஏறத்தாழ பாதிப் பேர் கல்லூரிக்குப் போகும் மாநிலத்தில், பட்டத்தை மட்டும் காட்டினால் யாரும் நின்று பார்ப்பதில்லை.

அப்படியானால் தொழிற்படிப்புதானே என்று கேட்பவர்கள், இன்ஜினீயரிங்குக்கு இதே தமிழ்நாட்டில் நேர்ந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 2010-களின் தொடக்கத்தில் இங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருந்தன. நிலத்தை அடமானம் வைத்துச் சேர்த்தவர்கள் நம் வட்டாரத்திலும் உண்டு. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கலந்தாய்வு முடிந்த பிறகும் பல்லாயிரம் இடங்கள் காலியாகக் கிடந்தன, பல கல்லூரிகள் மூடப்பட்டன. அரியரோடு வெளியே வந்த பொறியியல் மாணவருக்கும் பி.ஏ. முடித்தவருக்கும் வேலைச் சந்தையில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை, வீட்டுக் கடனில்தான் வித்தியாசம் இருந்தது. ஆகவே 'தொழிற்படிப்பு' என்ற பெயரை நம்பிச் சேராதீர்கள். படிப்பு முடிந்த அன்று மாணவர் யார் துணையும் இல்லாமல் எந்த வேலையைச் செய்து காட்டுவார் என்று கேளுங்கள். இரண்டு ஆண்டு எலக்ட்ரீசியன் பிரிவு படித்தவர் மோட்டாருக்கு இணைப்புக் கொடுப்பார். ஃபிட்டர் படித்தவருக்கு வேடசந்தூர் சாலை நெடுக இருக்கும் நூற்பாலைகளின் பராமரிப்புப் பிரிவில் வேலை இருக்கிறது. செவிலியர் ஊசி போடுவார், காயம் கட்டுவார். இப்படிப் பதில் சொல்ல முடிந்த படிப்புதான் தொழிற்படிப்பு. பெயரில் கம்ப்யூட்டர் என்று இருந்தும் மூன்று ஆண்டு முடிவில் ஒரு சிறு நிரலைக்கூட எழுத வைக்காத படிப்பு அந்தக் கணக்கில் வராது.

இப்போது பி.ஏ.வுக்கு வருவோம். தமிழ்நாட்டின் பல அரசுக் கலைக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை இருக்கிறது. காலை ஷிப்ட் மாணவர் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கல்லூரியை விட்டு வந்துவிடலாம். அறிவியல், தொழிற்படிப்பு மாணவர்களுக்கு இருப்பதுபோல ஆய்வகம், ரெக்கார்டு நோட்டு, மருத்துவமனைப் பணி என்று மாலை நேரத்தை விழுங்கும் சுமை அவருக்கு இல்லை. ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்று வைத்தால் ஆண்டுக்கு 180 நாள். நாளுக்கு நான்கு மணி நேரம் மீதியானால் மூன்று ஆண்டில் 2,160 மணி நேரம் சேர்கிறது. விடுமுறை நாட்கள் இதில் சேரவில்லை. அரசுக் கல்லூரியில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து வந்த மாணவிக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. தாடிக்கொம்பிலிருந்து கரூர் சாலை வழியே திண்டுக்கல்லுக்கு ஒன்பது கிலோமீட்டர் அளவுதான், சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட்டும் இல்லை. ஆக, பி.ஏ.வுக்கு நாம் கொடுக்கும் விலை பணமில்லை, மூன்று வருட வயது. அதற்குப் பதிலாகக் கிடைப்பது ஒரு பட்டமும் இரண்டாயிரத்துச் சொச்சம் மணி நேரமும். பெரும்பாலான வீடுகள் பட்டத்தை மட்டும் எண்ணுகின்றன. மணி நேரத்தை எண்ணுவதில்லை. அது செல்போனிலும் பேருந்து நிலையத்திலும் கரைந்து போகிறது.

அந்த நேரத்தை என்ன செய்வது? பலருக்கும் எட்டக்கூடிய ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் இன்னும் டைப்ரைட்டிங் பயிலகங்கள் நடக்கின்றன. ஒரு பேட்ச் ஒரு மணி நேரம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் வேகம் வேண்டும். பத்து நிமிடத்துக்குள் கொடுத்த பகுதியை அடித்து முடிக்க வேண்டும், பிழைக்குப் பிழை மதிப்பெண் போகும். விரல் பழகுவதற்கே மாதங்கள் ஆகும். அதனால் பரீட்சைக்கு முந்தின வாரம் உட்கார்ந்து தேற முடியாது, தினமும் ஒரு மணி நேரம் போனவர்தான் தேறுவார். தமிழிலும் ஆங்கிலத்திலும் முதுநிலை முடித்தவர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்குத் தகுதி பெறுகிறார். அந்தப் பணிக்கு லட்சக்கணக்கான பொது விண்ணப்பதாரர்கள் போட்டிக்கே வர முடியாது. வரலாறு படிக்கும் ஒருவர் மூன்றாம் ஆண்டு முடிக்கும்போது இந்த இரண்டு சான்றிதழையும் கையில் வைத்திருக்க முடியும். அதற்கு அவர் பட்டப்படிப்பில் எதையும் இழக்க வேண்டியதில்லை.

கலைப் படிப்புக்குச் சாதகமான இன்னொரு விஷயத்தையும் நம் வீடுகள் போதிய அளவு அறியவில்லை. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்து வருகின்றன, அதில் 40 சதவீதம் எடுக்காதவருடைய மீதி விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை. பொது அறிவுப் பகுதியில் வரலாறு, அரசியல் அமைப்பு, புவியியல், பொருளாதாரம் எல்லாம் கணிசமாக வரும். இவற்றைத்தான் பி.ஏ. மாணவர் வகுப்பிலேயே படிக்கிறார். இதோடு தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2010-ல் வந்த சட்டம் அது. பட்டம் மட்டும் தமிழில் படித்திருந்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்று 2020-ல் அதைத் திருத்தினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஊர்ப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு இது பெரிய சொத்து. கல்லூரியில் பெருமைக்காக ஆங்கில வழிக்கு மாறினால், பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் குரூப் 2, குரூப் 1 பணிகளில் அந்தச் சொத்து கைவிட்டுப் போகிறது. ஆங்கில இலக்கியம் எடுக்கும் தமிழ் வழி மாணவரும் இதைத் தெரிந்துகொண்டே எடுக்க வேண்டும். பொறியியலில் தமிழ் வழி இடங்கள் மிகக் குறைவு. வரலாறும் பொருளியலும் தமிழ் வழியில் எளிதாகக் கிடைக்கின்றன. இந்த ஒரு கணக்கில் கலைப் படிப்பே அதிக நடைமுறைப் பயன் உள்ள படிப்பாகிவிடுகிறது.

ஆனால் தேர்வு ஒன்றையே நம்பி பி.ஏ.வில் சேர்வதை நான் ஆதரிக்க மாட்டேன். 2024 குரூப் 4 அறிவிப்பு வந்தபோது இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். பிறகு இடங்களைக் கூட்டினார்கள், அப்படியும் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட வேலை இல்லை. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும் என்பதையும் மறக்கக் கூடாது. அதை எழுதப் பட்டம் தேவையில்லை, படிக்க நேரம்தான் தேவை. இன்ஜினீயரிங் முடித்தவரும் அதே தேர்வை எழுதுகிறார். அதனால் கல்லூரி போக மீதியாகும் அரைநாளை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். ஒரு பாதி தேர்வுக்கு. மறு பாதி, தேர்வு வராவிட்டாலும் சம்பளம் தரக்கூடிய ஒரு கைப்பழக்கத்துக்கு. பொருளியல் மாணவர் டேலியும் ஜி.எஸ்.டி. கணக்கும் கற்றுக்கொண்டு ஆடிட்டர் அலுவலகத்திலோ ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியிலோ கணக்கு எழுதலாம். கூட்டுறவுப் பயிற்சி முடித்தவர் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் நடத்தும் கூட்டுறவுச் சங்க உதவியாளர் தேர்வுக்குப் போகலாம். ஆங்கில இலக்கியம் படிப்பவர் பேச்சிலும் எழுத்திலும் ஆங்கிலத்தை உண்மையாகவே பிடித்துக்கொண்டால் அதுவே ஒரு தொழில். சட்டத்தில் மனமிருப்பவர் பி.ஏ. முடித்து மூன்றாண்டு எல்.எல்.பி.க்குப் போகலாம், மதுரையிலும் தேனியிலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன.

பி.எட். இருக்கிறதே, வாத்தியார் வேலை இருக்கிறதே என்பார்கள். இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பி.ஏ. மூன்று ஆண்டு, பி.எட். 2015-லிருந்து இரண்டு ஆண்டு. அதன்பின் டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வு. டெட்டில் தேறினாலும் தனியாக ஒரு நியமனத் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-ல் அரசாணை 149 வந்தது. அந்த அரசாணைப்படி பட்டதாரி ஆசிரியர்களுக்கு முதல் நியமனத் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். 2013-ல் டெட் தேறியவர்கள் எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எம்.ஏ., பிஎச்.டி. என்று மேலே போனவர்களின் நிலையும் இதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களுக்கு 2024 நிலவரப்படி மாதத் தொகுப்பூதியம் 25,000 ரூபாய். கற்பிப்பதில் உண்மையான பிரியம் உள்ளவர்கள் போகட்டும், அவர்கள் இல்லாமல் நம் பள்ளிகள் இல்லை. வேறு வழி தெரியாததால் பி.எட். என்று போவதுதான் கூடாது.

வேலைக் கணக்கை வைத்தே கலைப் படிப்பை அளப்பது சரியா என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி, எனக்கும் அதில் பிடிப்பு உண்டு. தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில் உலகளந்த பெருமாளும் இரதியும் மன்மதனும் தூணிலிருந்து புறப்பட்டு வருவதுபோல் நிற்கிறார்கள். அந்தக் கல்லை யார் செதுக்கினார்கள், எந்த அரசு பணம் கொடுத்தது, அந்தக் காலத்தில் இந்தக் குடகனாற்றங்கரையில் யார் நிலம் வைத்திருந்தார்கள், யாருக்கு உள்ளே வர இடமில்லை என்று கேட்கத் தெரிவதற்குத்தான் வரலாறு படிக்கிறோம். ஊரில் ஒரு தலைமுறையே இதைக் கேட்கத் தெரியாமல் வளர்ந்தால் ஊருக்கு இழப்பு. ஆனால் அந்த அறிவு பி.ஏ.வில் பெயர் எழுதினால் வந்துவிடாது. தேர்வுக்கு முந்தின இரவு நோட்ஸ் வாங்கி ஐந்து கேள்வியை மனப்பாடம் செய்து தேறியவர் மூன்று ஆண்டு வரலாற்றுத் துறையில் இருந்தார் என்று சொல்லலாமே தவிர, வரலாறு படித்தார் என்று சொல்ல முடியாது. உண்மையாகப் படிப்பதற்கும் அதே அரைநாள்தான் வேண்டும்: நூலகம், கல்வெட்டுப் படிக்கும் பயிற்சி, மூல நூல். அறநிலையத் துறையின் செயல் அலுவலர் தேர்வில் சைவம், வைணவம் குறித்துத் தனித் தாளே இருக்கிறது. தொல்லியல் துறையில் இடங்கள் குறைவு, ஆனாலும் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. வாசிப்பில் ஆசை இருக்கிற பிள்ளையை, வேலை இல்லை என்று பயந்து வெல்டிங் வகுப்புக்கு அனுப்ப வேண்டாம். பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு புத்தகத்தைத் தானாக எடுத்துப் படித்திருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பணமில்லை, அதனால் பி.ஏ. என்பது அடுத்த வாதம். பல வீடுகளில் உண்மையான காரணம் இதுதான், ஆனால் இது பல நேரம் தவறான கணக்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை 2021-ல் ஒதுக்கினார்கள். அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவருக்குக் கல்வி, விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. கணிதத்தில் நல்ல மதிப்பெண் எடுத்த அரசுப் பள்ளிப் பிள்ளையை, காசுக்குப் பயந்து விருப்பமில்லாத பி.ஏ.வில் சேர்ப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். அரசு ஐ.டி.ஐ.க்கும் பெரிய செலவில்லை. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் நவீன இயந்திரங்களோடு மேம்படுத்தும் திட்டமும் வந்தது. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டிலும், பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேர முடியும். ஐ.டி.ஐ. என்றால் படிப்பு அதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை நிதானமாகப் படிக்கட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பொம்பளப் பிள்ளைக்கு ஒரு டிகிரி இருந்தால் போதும் என்று பி.ஏ.வில் சேர்க்கும் வீடுகள் இங்கே நிறைய. அப்படிச் சேர்ப்பதை நான் இழிவாகச் சொல்ல மாட்டேன். பிளஸ் டூவோடு நிறுத்தி நூற்பாலை விடுதிக்கு அனுப்பும் வழக்கத்தையும், கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருகிறோம் என்று ஆள் பிடித்த சுமங்கலித் திட்டத்தையும் கண்ட மாவட்டம் இது. அதற்குப் பதிலாக மூன்று ஆண்டு கல்லூரி என்பதே ஒரு முன்னேற்றம். எம்.வி.முத்தையா அரசு மகளிர் கல்லூரி போன்ற இடங்கள் அதற்காகத்தான் இருக்கின்றன. ஆனால் கல்லூரி முடிந்து மதியம் வீட்டுக்கு வரும் மகளிடம் சமையலையும் தண்ணீர்க் குடத்தையும் கொடுத்துவிட்டால், மேலே சொன்ன 2,160 மணி நேரம் வீட்டு வேலைக்குப் போகிறது. மகன் பி.ஏ. படித்தால் அந்த நேரம் அவனுடையது, மகள் படித்தால் வீட்டினுடையது என்று இருக்கும்வரை, அவளுக்கு முழு நாளையும் படிப்பிலேயே வைத்திருக்கும் நர்சிங், டிப்ளமோ போன்றவையே பாதுகாப்பான தேர்வு. பி.ஏ.தான் என்றால், மதியம் ஒரு பயிற்சிக்குப் போய் மாலைதான் வீடு திரும்புவாள் என்று சேர்க்கும் முன்பே பெற்றோர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் பிரிக்காமலே கற்பிக்கும் முயற்சி ஒன்று நம் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. சின்னாளப்பட்டி அருகே டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்திலிருந்து 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம் பிறந்தது, 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மாணவர்கள் கிராமத்தில் தங்கி வேலை செய்வது அங்கே படிப்பின் ஒரு பகுதி. கிராம வளர்ச்சி, கூட்டுறவு, சமூகப் பணி போன்ற பாடங்களில் ஆசை உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. அண்மை ஆண்டுகளில் அங்கே சேர்க்கை க்யூட் என்னும் தேசிய அளவிலான பொது நுழைவுத்தேர்வு வழியாக நடக்கிறது. அந்தத் தேர்வுக்கு பிளஸ் டூ முடிவு வருவதற்கு வெகு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வந்த பிறகு விசாரிக்கப் போனால் கதவு சாத்தியிருக்கும்.

சேர்வது என்று முடிவானபின் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். பட்டத்தின் பெயர் வழக்கமான பெயரா, வேறு ஏதாவது சேர்த்த புதுப் பெயரா என்று பாருங்கள். புதுப் பெயர்ப் பட்டங்கள் வழக்கமான பட்டத்துக்கு இணையானவை என்று அரசாணை இல்லாவிட்டால், பி.எட். சேர்க்கையிலும் ஆசிரியர் தேர்விலும் தடுத்து நிறுத்துவார்கள். அடுத்து, பள்ளியை விட்டு வரும்போது மாற்றுச் சான்றிதழோடு தமிழ் வழிக் கல்விச் சான்றையும் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல ஆண்டு கழித்து அலைவதைவிட அது எளிது.

கலைக் கல்லூரிக்கும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்குக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போடுங்கள். பிறகு ஒரு தாளில் கல்லூரி எத்தனை மணிக்கு முடியும், எந்தப் பேருந்து, மதியம் எங்கே, என்ன பயிற்சி, எந்த மாதம் எந்தத் தேர்வு என்று மாணவரையே எழுதச் சொல்லுங்கள். முதல் ஆண்டுக்காவது அந்தத் தாள் நிரம்பினால் பி.ஏ.வில் துணிந்து சேருங்கள். நிரம்பாவிட்டால் தொழிற்படிப்பில் கிடைத்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.